பார்க்டேல் கரையில் நடக்காத சரித்திரம்

சொராரன், ரொன்செஸ்வேல்ஸ் என்று ரொறன்ரோவின் பார்க்டேல் பக்கம் இரண்டு தெருக்கள் இருக்கின்றன. இரண்டும் ஸ்பெயினின் வடக்கு மலைகளில் நடந்த சண்டைகளின் பெயர்கள். 1813 யூலை 25ஆம் திகதி ரொன்செஸ்வேல்ஸ் கணவாயில் ஒன்று, மூன்று நாள் கழித்து சொராரன் கிராமத்தில் மற்றது. ஒரு பக்கம் நெப்போலியனின் தளபதி சூல்ட், மறுபக்கம் வெலிங்டன். வெலிங்டன் பக்கம் நின்று சண்டை பிடித்த வால்டர் ஓஹாரா என்ற ஐரிஷ்காரர் பிறகு கனடாவுக்கு வந்து இந்தப் பக்கம் பெருங்காணி வாங்கினார். காணி துண்டு துண்டாகப் பிரிபட்டபோது அவருடைய போர்க்களங்கள் தெருப்பலகையில் ஏறின. அவர் பெயரிலும் ஒரு தெரு உண்டு. கோப்பை கழுவுகிற வேலை முடிந்து நடுச்சாமத்தில் நான் அந்தத் தெருவைத் தாண்டித்தான் வீட்டுக்கு நடப்பேன். அப்போது ஓஹாரா யாரென்றும் தெரியாது, கேட்கவும் நேரமில்லை.

ஆகவே, நெப்போலியன் கனடாவுக்கு வந்திருந்தால் என்று ஒரு அமெரிக்கர் எழுதிய கதை கையில் கிடைத்தபோது அது வேற்றூர்க் கதையாகப் படவில்லை. அந்தாள் ஏற்கெனவே எங்கள் தெருக்களில் இருக்கிறவர்தானே.

புத்தகம் கிடைத்தது ஜேம்சன் அவெனியூவில் நான் இருக்கிற கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மிசின்களுக்குப் பக்கத்தில். வீடு மாறிப் போகிற சனம் தூக்கிப்போக மனமில்லாததை அங்கே உள்ள மேசையில் வைத்துவிட்டுப் போகும். ஒருகாலம் அதில் தமிழ்ப் பத்திரிகைகள் கிடந்தன. எங்கள் ஆட்கள் ஸ்காபரோவுக்குப் போய்த் திபெத்துக்காரர் வந்த பிறகு திபெத்து எழுத்தில் கலண்டர்கள். அந்தக் குவியலுக்குள் இருந்தது ‘ரெட் புரொஃபெட்’ என்ற மட்டை கிழிந்த நாவல், ஓர்சன் ஸ்கொட் கார்ட் எழுதியது. அப்போது இரவுக் காவல் வேலைக்கு மாறியிருந்தேன். விடிய விடிய விழித்திருக்கச் சம்பளம் தருகிற வேலையில் மனிசன் வாசிக்காமல் வேறென்ன செய்வது?

அது ஒரு தொடரின் இரண்டாம் பாகம். ‘அல்வின் மேக்கர்’ தொடர் என்பார்கள். முதல் பாகம் 1987இல் வந்தது. நான் ஜேம்சனுக்கு வந்ததும் அந்த வருடம்தான். 1988இலும் 1989இலும் அடுத்த இரண்டு பாகங்கள், பிறகு இழுபட்டு 1995, 1998, ஆறாவது 2003இல். மிச்சத்தைத் தேடி கொலிஜ் தெருவில் வாசலில் சிறகு முளைத்த விலங்குச் சிலைகள் இருக்கிற நூலகத்துக்குப் போனேன். அங்கே மூன்றாம் மாடியில் இருக்கிறது மெரில் தொகுப்பு. வியட்நாம் போர் பிடிக்காமல் 1968இல் அமெரிக்காவை விட்டு ரொறன்ரோவுக்கு வந்த எழுத்தாளர் ஜூடித் மெரில், தன்னிடம் இருந்த ஏறக்குறைய 5,000 விஞ்ஞானக் கதை, மாயக்கதைப் புத்தகங்களை 1970இல் நகர நூலகத்துக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்தது. ஊரை விட்டு வந்த ஒருத்தி புத்தகப்பெட்டியோடு வந்தாள், அதை ஊருக்கே கொடுத்துவிட்டாள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

கார்டின் உலகம் இப்படி. இங்கிலாந்தில் 1660இல் மன்னராட்சி திரும்பவில்லை; குரொம்வெல்லின் வழியில் வந்தவர்களே ஆள்கிறார்கள். துரத்தப்பட்ட ஸ்டூவர்ட் ராசவம்சம் கடல் கடந்து அமெரிக்காவின் தெற்கே குடியேறி அங்கே அரசு நடத்துகிறது. ஐக்கிய அமெரிக்கா நடுவிலே ஒரு சின்ன நாடு. ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு ஜனாதிபதிப் பதவி கிடைக்கவில்லை, அரசனுக்கு எதிராகப் போனதால் தலைதான் போயிற்று. இரோகுவா பூர்வகுடியினர் அந்தச் சின்ன நாட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு மாநிலம் வைத்துத் தொழிற்சாலை நடத்துகிறார்கள். கனடா இன்னும் பிரெஞ்சுக்காரரின் கையில். அவர்களின் டிட்ரொயிட் கோட்டைக்கு நெப்போலியனை அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைராசி உண்டு. ஒருவர் நிலத்தில் கால் வைத்தால் தண்ணீர் எங்கே என்று சொல்வார், இன்னொருத்தி வயிற்றுப் பிள்ளையின் வருங்காலத்தைப் பார்ப்பாள், வேறொருவர் வாசலில் கோலம் போன்ற ஒரு குறி கீறிக் கெட்டதைத் தடுப்பார். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்ட முதல் நீரோட்டம் பார்க்க ஆள் கூப்பிட்டதையும், காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தண்ணீர் ஓதி நூல் கட்டியதையும் கண்டு வளர்ந்தவனுக்கு இது மாயக்கதையாகவே தெரியாது. ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் அல்வின். உடைந்ததைப் பொருத்த, இல்லாததை ஆக்க வல்லவன். அவனை அழிக்கத் தண்ணீரின் வடிவில் ஒன்று துரத்திக்கொண்டே இருக்கிறது.

அல்வின் யார் என்பது அமெரிக்க வாசகருக்கு உடனே பிடிபட்டிருக்கும். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிபட்டது. மோர்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கையையே கார்ட் கதையாக்கியிருக்கிறார். கார்டும் அந்தச் சபைக்காரர், சபையின் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங்கின் வழித்தோன்றல். ஸ்மித்துக்குச் சின்ன வயதில் கால் எலும்பை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். கதையில் ஆலைக்கல் விழுந்து பையனின் கால் நசுங்குகிறது. இளவயதில் செத்துப்போன ஸ்மித்தின் தமையன் பெயர் அல்வின்.

இதிலே ரொறன்ரோவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1836 வசந்தத்தில் பார்லி பிராட் என்ற மோர்மன் போதகர் இங்கே வந்து, மரம் கடையும் தொழில் செய்துகொண்டு மெதடிஸ்டுகளுக்குப் பிரசங்கமும் செய்துவந்த ஜோன் டெய்லரைத் தன் சபைக்குள் சேர்த்தார். அடுத்த வருடம் ஸ்மித்தே இங்கு வந்து போனார். 1844 யூன் 27இல் இலினோய் மாநிலத்தில் ஒரு சிறைக்குள் கும்பல் புகுந்து ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றபோது அதே அறையில் டெய்லரும் இருந்தார். பல குண்டுகள் பட்டும் பிழைத்தார், பின்னாளில் சபையின் மூன்றாம் தலைவருமானார். அல்வினின் அசல் ஆள் சாகும்போது பக்கத்தில் நின்றது ஒரு ரொறன்ரோ தச்சர்.

சரி, கனடா பிரெஞ்சுக்காரரின் கையிலேயே இருந்திருந்தால் பார்க்டேலில் என்ன இருந்திருக்கும்? அதைக் கற்பனை செய்யத் தேவையில்லை, இருந்ததையே சொல்லலாம். ஜேம்சனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், எக்ஸிபிஷன் மைதானத்துக்குள், ஒரு கல் தூண் நிற்கிறது. 1887இல் வைத்தது. அங்கேதான் 1750-51இல் பிரெஞ்சுக்காரர் ருயே கோட்டையைக் கட்டினார்கள். ருயே என்பவர் பாரிஸில் கடற்படை அமைச்சர். கோட்டை என்றதும் கல்மதிலை நினைக்கவேண்டாம், மரவேலி அடைத்த வியாபார நிலையம். ஒன்ராறியோ வாவியின் தென்கரையில் ஒஸ்வேகோ என்ற இடத்தில் ஆங்கிலேயர் கடை விரித்திருந்தார்கள். வடக்கிலிருந்து தோல் கொண்டுவரும் பூர்வகுடிகள் நல்ல விலையைத் தேடி அங்கே போகாமல் வழியிலேயே மறிப்பதுதான் இதன் நோக்கம். ஒன்பது வருடம் கூட நிலைக்கவில்லை. 1759 யூலையில் நயாகரா கோட்டை ஆங்கிலேயரிடம் விழ, இங்கிருந்த காவல்படை தன் கையாலேயே தீவைத்துவிட்டு மொன்றியலுக்குப் போய்விட்டது.

கார்டின் கதைப்படி போயிருந்தால் அந்தத் தீ வைக்கப்பட்டிராது. இந்தக் கரையில் ஒரு பிரெஞ்சுப் பட்டணம் எழும்பியிருக்கும், நாங்களும் அகதிக் கோரிக்கையைப் பிரெஞ்சில் நிரப்பியிருப்போம். மொன்றியலில் இறங்கி, பாஷை பிடிபடாமல் பஸ் ஏறி இங்கே வந்த எங்கள் ஆட்களைக் கேட்டால் தெரியும், நடந்ததே போதும் என்பார்கள்.

ஆனால் கோட்டை ஏன் இங்கே வந்தது என்பதற்கு விடை பிரெஞ்சுக்காரரிடம் இல்லை. ஒன்ராறியோ வாவியிலிருந்து வடக்கே சிம்கோ வாவிக்குப் படகைத் தோளில் சுமந்துபோகும் பழைய நடைவழி ஒன்று இருந்தது. அதற்குத் தெற்கே இரண்டு வாய். மேற்கு வாய் ஹம்பர் ஆற்றில், பார்க்டேலிலிருந்து கொஞ்சம் மேற்கே. கிழக்கு வாய் ரூஜ் ஆற்றில், இன்றைய ஸ்காபரோவின் எல்லையில். இரண்டு வாயிலும் 17ஆம் நூற்றாண்டில் இரோகுவாக்களில் ஒரு பிரிவினரான செனகாக்கள் ஊர் வைத்திருந்தார்கள். ஹம்பரில் டெயாயாகொன், ரூஜில் கனட்செக்வயாகொன். இந்த இரண்டு ஊரையும் பிடித்தவன் கையில் வடக்கின் வியாபாரம். எண்பதுகளில் பார்க்டேலில் இறங்கி, தொண்ணூறுகளில் மூட்டை கட்டி ஸ்காபரோவுக்கும் ரூஜ் கரைக்கும் போன எங்கள் சனம் அந்தப் பழைய வழியின் ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குப் போயிருக்கிறது. போகிறபோது ஒருவருக்கும் இது தெரியாது. வாடகை குறைவு, கோயில் கிட்ட, பிள்ளைகளுக்கு முற்றம் என்றுதான் போனார்கள்.

செனகாக்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் விலக, மிசிசாகா மக்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள். அவர்களிடமிருந்துதான் பிரித்தானியர் ரொறன்ரோவை வாங்கினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள். வாங்கிய விதத்தைச் சொல்லவேண்டும். 1787 செப்டெம்பரில் வாவியின் கிழக்கு முனையில் கின்டே குடாவில் கூட்டம் கூடியது. பண்டங்கள் கொடுபட்டன. உறுதி எழுதப்பட்டது. சில வருடம் கழித்து அதை எடுத்துப் பார்த்தால், காணியின் எல்லை எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தலைவர்களின் குலச்சின்னங்கள் வேறு கடதாசியில் கீறப்பட்டு இதிலே ஒட்டப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகள் பார்த்தவர்கள் இதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. சட்டப்படி செல்லாது என்று பிரித்தானிய அதிகாரிகளுக்கே விளங்கிவிட்டது. 1805 ஓகஸ்ட் முதலாம் திகதி புதிய உறுதி எழுதி, 10 சிலிங் கொடுத்து, 250,880 ஏக்கரைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பழைய உறுதி வெறும் தாள் என்பதை மிசிசாகாக்களுக்குச் சொல்லவில்லை.

அதே காலத்தில் தெற்கே பூர்வகுடித் தலைவர் டெகம்சே இதைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தார். 1809இல் ஃபோர்ட் வேய்ன் உடன்படிக்கையில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் கைமாறியது. மறுவருடம் இந்தியானா ஆளுநர் வில்லியம் ஹரிசனின் வீட்டுக்கே போய், நிலம் எல்லாருக்கும் பொது, ஒரு குலம் தனித்து விற்க முடியாது, விற்றால் செல்லாது என்று வாதாடினார். அவர் பேசியது மந்திரமல்ல, காணிச் சட்டம். கார்டின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இங்கேதான். அவருடைய பூர்வகுடிகள் காட்டோடு கரைந்துபோய், நிலத்தின் பாட்டைக் கேட்டு, மூச்சு வாங்காமல் நாள்கணக்காக ஓடுகிற தெய்வப்பிறவிகள். வாசிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதனைத் தெய்வமாக்கிவிட்டால் அவன் கையிலுள்ள உறுதியை வாசிக்கத் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் அவருக்குத் தலைவணங்குவேன். 1811 நவம்பர் 7இல் டெகம்சே ஊரில் இல்லாத நேரம் ஹரிசன் டிப்பக்கனு ஆற்றங்கரையில் தீர்க்கதரிசி என்று அழைக்கப்பட்ட, டெகம்சேயின் தம்பி டென்ஸ்க்வாடவாவின் ஆட்களோடு பொருதி, அவர்களின் ஊரைக் கொளுத்தினார். கதையில் இது படுகொலையாகிறது. கொன்றவர்களுக்குத் தீர்க்கதரிசி சாபம் இடுகிறார். புதிதாக எவரைக் கண்டாலும் நடந்ததை அவர்கள் தங்கள் வாயால் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் கையில் இரத்தம் வடியும். இதைவிடக் கடுமையான நீதிமன்றத்தை நான் எந்த நாவலிலும் கண்டதில்லை. நிசத்தில் நடந்தது வேறு. 1840 தேர்தலில் ‘டிப்பக்கனு வீரர்’ என்ற பட்டத்தைச் சொல்லிச் சொல்லியே ஹரிசன் ஜனாதிபதியானார். பதவியேற்று ஒரு மாதத்தில் காய்ச்சலில் செத்தார். கொன்றவன் அதையே ஊர் ஊராகச் சொன்னான் என்ற அளவில் சாபமும் பிரசாரமும் ஒன்றுதான். எங்கள் ஊர்த் தேர்தல் மேடைகளையும் நினைத்துக்கொள்ளலாம்.

இனி இந்தக் கரைக்கே வருகிறேன், ஏனென்றால் பிரித்தானியரோடு நடந்த போரில் 1813இல் அமெரிக்கா பார்க்டேலில்தான் இறங்கியது.

அது ஏப்ரல் 27. அப்போது யோர்க் என்று பெயர் கொண்ட இந்தப் பட்டணத்தில் எழுநூறு பேரளவில் இருந்தார்கள். கொமடோர் சோன்சியின் 14 கப்பல்களில் ஏறத்தாழ 1,700 படையினர் வந்தார்கள். தரைச்சண்டையை நடத்தியவர் செபுலன் பைக். மேற்கே மலை ஒன்றுக்கே தன் பெயரை விட்டுப்போன எல்லைப்புற ஆய்வாளர், கார்டின் நாவலுக்குள் அப்படியே நடந்து போகக்கூடிய ஆள். பிரெஞ்சுக் கோட்டை எரிந்த இடத்தில் காடு வெட்டித் திறந்த வெளி கிடந்தது. அங்கே இறங்குவதுதான் திட்டம். ஆனால் அன்று கிழக்குக் காற்று பலமாக அடித்தது. படகுகள் குறித்த இடத்தை விட்டு மேற்கே தள்ளுப்பட்டு, காடு தண்ணீர்வரை இறங்கி நின்ற கரையில், இன்றைய தென் பார்க்டேலுக்கும் சன்னிசைடுக்கும் கிட்ட, ஒதுங்கின.

அந்தக் காட்டுக்குள் காத்திருந்தவர்கள் மிசிசாகா, ஒஜிப்வே வீரர்கள். நாற்பது முதல் அறுபது பேர். அவர்களை நடத்தியவர் பூர்வகுடி விவகார அதிகாரி ஜேம்ஸ் கிவின்ஸ். குயின் தெருவில் ஒசிங்டன் பக்கம் கிவின்ஸ் தெரு என்று இன்றும் இருக்கிறது. அங்கேதான் அவர் வீடு. உதவிக்கு அனுப்பிய கிளென்கரி காலாட்படை வேறு வழிக்குத் திருப்பப்பட்டுக் காட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ஆகவே முதல் படகுகளில் வந்த அமெரிக்கத் துவக்குக்காரர்களை எதிர்த்துக் கொஞ்ச நேரம் நின்றவர்கள் அந்த ஒரு கைப்பிடி ஆட்கள்தான். பிறகு சிவப்புக் கோட்டுப் போட்ட பிரித்தானியப் பட்டாளம் வந்தது, வந்த வேகத்தில் அடிபட்டுச் சிதறியது. தளபதி ஷியஃப் பின்வாங்கும்போது கோட்டையின் பெரிய வெடிமருந்துக் கிடங்கைத் தகர்க்கச் சொன்னார். கல்லும் மரமும் மழையாகக் கொட்டின. நசுங்கிச் செத்தவர்களில் பைக்கும் ஒருவர். அவருக்கு வயது 34. அமெரிக்கர்கள் சில நாள் இங்கே இருந்தார்கள், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, பிறகு கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுபோன நாடாளுமன்றச் செங்கோலை 1934இல்தான் ரூஸ்வெல்ட் திருப்பிக் கொடுத்தார்.

அதே 1813ஆம் வருடம் ஒக்டோபர் 5ஆம் திகதி, இங்கிருந்து மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில், டெகம்சே கொல்லப்பட்டார். அதுவும் ஒன்ராறியோதான். எதிரே நின்ற படை ஹரிசனுடையது. கூட நின்ற பிரித்தானியப் படை சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் குலைந்து ஓடியது. முந்திய வருடம் ஓகஸ்டில் தளபதி புரோக்கோடு சேர்ந்து டிட்ரொயிட்டைப் பிடித்துக் கொடுத்தவர் டெகம்சே. பார்க்டேலின் வடக்கே புரோக் அவெனியூ என்று ஒரு தெரு அந்தக் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. டெகம்சேக்கும் பாதர்ஸ்ட் பக்கம், எழுத்துப்பிழையோடு, ஒரு தெரு கொடுத்திருக்கிறார்கள்.

கார்டின் தொடரில் மிகப் பெரிய மாற்றம் நெப்போலியனோ தலைபோன வாஷிங்டனோ அல்ல. பூர்வகுடிகளுக்கு ஒரு பெருநிலம் மிஞ்சுகிறது. மிசிசிப்பிக்கு மேற்கே அவர்கள், கிழக்கே வெள்ளையர். வாசிக்கும்போது இது மந்திரத்தால் மட்டும் முடிகிற காரியம் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் இதை ஒத்த ஒன்று 1814இல் இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் மேசைக்கு வந்தது. போரை முடிக்கும் பேச்சுவார்த்தை ஓகஸ்டில் தொடங்கியதும் பிரித்தானியர் வைத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று, கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே பூர்வகுடிகளின் நாடு. எல்லைக்கு 1795ஆம் வருடத்துக் கிரீன்வில் உடன்படிக்கைக் கோடு. இன்றைய மிச்சிகன், விஸ்கொன்சின், இலினோய், இந்தியானாவின் பெரும்பகுதி, ஒஹாயோவின் ஒரு துண்டு அதற்குள் வரும். அங்கே ஏற்கெனவே குடியேறிய ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரை என்ன செய்வது என்று அமெரிக்கர் கேட்டார்கள். அவர்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான் என்று பதில் வந்தது. இரண்டு மாதம் இழுபட்டது. ஒக்டோபரில் பிரித்தானியர் கோரிக்கையைக் கைவிட்டு, பூர்வகுடிகளுக்கு 1811இல் இருந்த உரிமைகள் திரும்பும் என்று ஒன்பதாம் சரத்தில் ஒரு வாசகத்தைப் போட்டு, டிசெம்பர் 24ஆம் திகதி ஒப்பமிட்டார்கள். அந்தச் சரத்தை ஒருவரும் செயற்படுத்தவில்லை. மேசையின் இரு பக்கத்திலும் பூர்வகுடி ஒருவர்கூட இருக்கவில்லை. டெகம்சே செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இருந்திருந்தாலும் கதிரை போட்டிருக்க மாட்டார்கள்.

1987 யூலை 29இல் கொழும்பில் இலங்கை, இந்தியத் தலைவர்கள் இருவர் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட செய்தியை நான் ஜேம்சன் வீட்டில் ஏழு பேரோடு தரையில் இருந்து கேட்டேன். அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ஒரு வயதான அண்ணை மட்டும், “எங்கட ஆட்கள் எங்கையடா கையெழுத்து வைச்சவை?” என்று கேட்டுவிட்டுச் சோறு போடப் போனார். கென்ட் உடன்படிக்கையை வாசித்தபோது அவரைத்தான் நினைத்தேன். வேறு ஒப்பீடு எதுவும் நான் செய்யவில்லை. இரண்டு மண்ணும் வேறு, இரண்டு போரும் வேறு.

மிசிசாகாக்களின் கதை கென்டுக்குப் பிறகும் ஓடுகிறது. அதில் ஒரு ஆள் இருக்கிறார், கார்ட் அவரைத் தெரிந்திருந்தால் அல்வினை விட்டுவிட்டு அவரை எழுதியிருக்கவேண்டும். பெயர் பீட்டர் ஜோன்ஸ். மிசிசாகாப் பெயர் ககெவகோனபி. 1802இல் பிறந்தார். தாய் மிசிசாகாத் தலைவர் ஒருவரின் மகள். தகப்பன் ஒகஸ்டஸ் ஜோன்ஸ், யங் தெருவை அளந்து கோடு போட்ட அரசாங்க நில அளவையாளர். தகப்பன் சங்கிலி பிடித்து அளந்து கொடுத்த மண்ணை மகன் காப்பாற்றப் புறப்பட்டார் என்றால் எந்த நாவலாசிரியருக்கும் வாயூறும். ஸ்மித் நியூயோர்க்கில் தன் சபையைத் தொடங்கிய அதே பத்தாண்டுக் காலத்தில் ஜோன்ஸ் மெதடிஸ்ட் போதகராகி, கிரெடிட் ஆற்றங்கரையில் தன் சனத்துக்கு ஊர் கட்டினார். பள்ளிக்கூடம், வயல், கோயில் எல்லாம் வந்தன. காணிக்கு மட்டும் உறுதி இல்லை. உறுதி கேட்டு 1838இல் லண்டன் போய், தன் மக்களின் உடுப்பை அணிந்து விக்டோரியா மகாராணி முன்னால் நின்று மனுக் கொடுத்தார். உறுதி கைக்கு வரவில்லை. 1847இல் அந்த ஊரைக் கைவிட்டு, இரோகுவாக்கள் தங்கள் நிலத்திலிருந்து பிரித்துக் கொடுத்த இடத்துக்குப் போனார்கள். ஹேகர்ஸ்வில் பக்கம் உள்ள அந்த இடம்தான் நியூ கிரெடிட். முன்னொரு காலம் சண்டை பிடித்த குலம் இடம் கொடுத்தது, ஒன்றாக நின்று சண்டை பிடித்த அரசு கொடுக்கவில்லை. மந்திரக் கதையிலும் அவர்கள் இடம்பெயர்கிறார்கள், சரித்திரத்திலும் இடம்பெயர்கிறார்கள். கார்டின் கற்பனைக்கும் எட்டாதது, அவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பதுதான்.

இந்தக் கரையோ இப்போது கரையாகவே இல்லை. பார்க்டேல் 1879இல் தனிக் கிராமமாகி 1889இல் ரொறன்ரோவோடு சேர்ந்தது. வாவிக்கரை மாளிகைகளும் மரநிழலுமாகப் பணக்காரர் ஊராகத் தொடங்கியது. பிறகு துறைமுக நிருவாகம் வாவியை மண் போட்டு நிரப்பி, 1922இல் சன்னிசைடு களியாட்டப் பூங்காவைத் திறந்தது. 1955இல் அதையும் இடித்தார்கள். கார்டினர் ஹைவேக்காகத் தெற்குப் பார்க்டேலில் வீடுகள் வரிசையாக விழுந்தன. 1958இல் ஜேம்சன் வரை ரோட்டு வந்தது. வாவி போன பிறகு பணக்காரரும் போனார்கள், மாளிகை இருந்த காணிகளில் மாடிக் கட்டடங்கள் எழும்பின. அந்தக் கட்டடங்கள் இல்லாவிட்டால் நாங்கள் பார்க்டேலுக்கு வந்திருக்க மாட்டோம். 1813இல் படகுகள் ஒதுங்கிய கரைவிளிம்பு நிரப்பிய மண்ணுக்குள் எங்கோ கிடக்கிறது, மேலே கார்கள் போகின்றன.

மிசிசாகாக்கள் 1986இல் கனடா அரசிடம் கோரிக்கை வைத்தார்கள். 1787ஆம் வருடத்து வெற்றுத்தாளுக்கும் பத்துச் சிலிங்குக்கும் கணக்குத் தீர்க்க 2010 வரை சென்றது. கொடுத்த தொகை 14.5 கோடி டொலர். எங்கள் மண்டபங்களில் நடக்கும் விழாக்களில் இப்போது நில அங்கீகார வாசகத்தைத் தமிழிலும் வாசிக்கிறார்கள். நல்லது. வாசிக்கிற பிள்ளைக்கு அந்தத் தாளின் கதையையும் பெரியவர் யாராவது சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

தொடரை வாசிக்க விரும்புகிறவர்களுக்கு என் தீர்ப்பு: முதல் மூன்று பாகம் போதும். நாலாவதில் பொன் கலப்பை ஒன்றுக்காக நீதிமன்றத்தில் வழக்கு இழுபடுகிறது, ஐந்திலும் ஆறிலும் ஆசிரியரே களைத்துவிட்டார். இரண்டாம் பாகத்தை வாசித்து முடித்த கையோடு எக்ஸிபிஷன் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஓகஸ்டில் கண்காட்சி நடக்கும்போது நுழைவுச்சீட்டு வேண்டும், மற்ற நாளில் சும்மா போகலாம். தூணைச் சுற்றிக் கோட்டை நின்ற எல்லையைத் தரையில் கொங்கிறீற்றால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.